இணைய இணைப்பை மின்சாரம், குடிநீர் போலப் பொதுச் சேவையாக அரசு ஒழுங்குபடுத்த வேண்டுமா?

முதலில் என் பதில். வீட்டுக்கு வரும் கம்பியை ஒழுங்குபடுத்த வேண்டும். விண்ணப்பித்த வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் வேண்டும். ஆனால் மாதம் எத்தனை ரூபாய்க்கு எத்தனை ஜிபி என்று விலை வைக்கும் வேலையை அரசாங்கத்திடம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் இந்தப் பேச்சு எப்போதும் வாய்ச்சண்டையில் முடிகிறது. அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 2015 பிப்ரவரியில் அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்சிசி, இணையச் சேவையைத் தொலைபேசிக்கு உள்ள பழைய சட்டப் பிரிவின் கீழ் கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் அதே ஆணையம் அதை எடுத்துவிட்டது. 2024 ஏப்ரலில் மறுபடி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால் விதியும் மாறும், அவ்வளவுதான். நம்மூருக்கு அதில் எடுத்துக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. ஆகவே இந்தியாவை வைத்தே பேசுகிறேன். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொதுச் சேவை என்பது உள்ளே எப்படி ஓடும், எங்கே ஒழுகும் என்று கொஞ்சம் தெரியும்.

முதலில் கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமையைப் பார்ப்போம். மின்சாரச் சட்டம் 2003இல் 43ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ விண்ணப்பம் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் விநியோக நிறுவனம் இணைப்புத் தர வேண்டும். புதிதாக லைன் இழுக்க வேண்டிய இடமென்றால் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லும் கெடுவுக்குள் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். நடைமுறையில் இழுத்தடிப்பார்கள், உதவிப் பொறியாளர் (ஏஇ) ஆபீசுக்கு அலைய விடுவார்கள், அதெல்லாம் உண்டு. ஆனாலும் "உங்களுக்குக் கரண்ட் கொடுத்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று எந்த அதிகாரியும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதினால் மாட்டிக்கொள்வார்.

இணையத்தில் அந்த வாக்கியத்துக்கு "ஃபீசிபிலிட்டி இல்லை சார்" என்று பெயர். தேனி மாவட்டத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு ஃபைபர் கேட்டபோது ஒரு கம்பெனி அதைத்தான் சொன்னது. இன்னொரு கம்பெனி "பாக்ஸ் ஃபுல், போர்ட் இல்லை, வந்ததும் கூப்பிடுகிறோம்" என்றது. கூப்பிடவில்லை. அவள் வீட்டு வாசலிலேயே மின்கம்பம் நிற்கிறது, அதன் மேல் அந்தக் கம்பெனியின் கறுப்புக் கேபிள் அடுத்த தெருவுக்குப் போகிறது. அதே கம்பத்தில் ஓடும் ஒரு கம்பிக்காரனுக்குச் சட்டத்தில் கடமை உண்டு, இன்னொரு கம்பிக்காரனுக்கு அப்படி ஒன்று இல்லை. அலைக்கற்றை எடுத்த மொபைல் கம்பெனிகளுக்கு இத்தனை ஆண்டுக்குள் இத்தனை இடத்தில் சேவை தொடங்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. அது ஊர்க் கணக்கு. தனி வீட்டுக்காரர் "எனக்குக் கொடு" என்று நிற்க அதில் வழி கிடையாது.

இது நடக்காத ஆசையும் கிடையாது. பிரிட்டனில் 2020 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. நொடிக்கு 10 மெகாபிட் வேகம்கூடக் கிடைக்காத வீட்டுக்காரர் கேட்டால் கொடுக்க வேண்டும். இணைக்கும் செலவு 3,400 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையைக் கேட்டவர் கட்டலாம் அல்லது விட்டுவிடலாம். பின்லாந்து 2010 ஜூலையிலேயே 1 மெகாபிட் இணைப்பைச் சட்டப்படியான உரிமை ஆக்கியது. இரண்டிலும் எனக்குப் பிடித்தது, குறைந்தபட்ச வேகத்தை எண்ணாக எழுதியிருப்பதுதான். நம் நாட்டில் 'பிராட்பேண்ட்' என்று சொல்லிக்கொள்ளத் தேவையான வேகம் 2023 ஜனவரியில்தான் 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட் ஆனது. இரண்டு மெகாபிட்டில் ஒரு பையன் ஆன்லைன் வகுப்பைத் திறந்து வைத்தால் வீட்டில் மற்றவர்கள் போனைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். பணம் இருக்கிறது. 2002இல் தொடங்கிய பொதுச் சேவைக் கடமை நிதிக்கு டெலிகாம் கம்பெனிகள் தங்கள் சரிக்கட்டிய வருவாயில், அதாவது சில கழிவுகள் போக அரசு கணக்கில் எடுக்கும் வருவாயில், 5 சதவீதத்தைக் கட்டி வருகின்றன. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். கம்பெனிகள் அதைச் சும்மாவா கட்டுகின்றன? நம் ரீசார்ஜிலிருந்துதான் போகிறது. நாட்டுக்கே நிதி கட்டிவிட்டு நம் தெருவுக்கு ஃபீசிபிலிட்டி இல்லை என்று கேட்பது எனக்கு ரசிக்கவில்லை.

அடுத்தது பாரபட்சம். மின்வாரியம் "இந்த பிராண்ட் ஃபேன் ஓட்டினால் யூனிட்டுக்கு ஒரு விலை, அந்த பிராண்ட் ஓட்டினால் வேறு விலை" என்று சொல்லக் கூடாது. இணையத்தில் இந்தப் பாதி வேலையை இந்தியா ஏற்கெனவே முடித்துவிட்டது, அதுவும் அமெரிக்காவைவிட ஒழுங்காக. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பைப் பார்த்துப் பின்வாங்கியது. அப்புறம் சில செயலிகளுக்கு மட்டும் டேட்டா இலவசம் என்ற ஏர்டெல் ஜீரோ வந்தது. அதன் பிறகு ஃபேஸ்புக், தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தோடு பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது. 2015இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, அதாவது ட்ராய்க்கு, பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று ட்ராய் வெளியிட்ட விதி சில பக்கங்கள்தான்: எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். இலவசமாகக் கிடைப்பதைத் தடுக்கிறார்களே என்று அன்றைக்குக் கோபப்பட்டவர்கள் என் நண்பர்களிலும் உண்டு. ஏழைக்கு நாலு தளம் போதும் என்று ஒரு கம்பெனி முடிவு செய்வதில் எனக்கு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை.

சரி, விலைக்கு வருவோம். இங்கேதான் என் அனுபவம் குறுக்கே நிற்கிறது.

2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் மொபைல் கம்பெனிகளும் கட்டணத்தை ஏற்றின. ஜியோவில் 28 நாளுக்கு 239 ரூபாயாக இருந்த பிளான் 299 ஆனது. 155 ரூபாய் பிளான் 189 ஆனது. முன்கூட்டி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அமலுக்கு வந்த 7 வேலை நாட்களுக்குள் ட்ராய்க்குத் தெரிவித்தால் போதும். மின்கட்டணத்தை இப்படி ஏற்ற முடியாது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. விசைத்தறிக்காரரும் விவசாயியும் மைக்கைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார்கள். திட்டிய பிறகும் செப்டம்பரில் கட்டணம் ஏறியது, அது வேறு கதை. குறைந்தபட்சம் திட்டுவதற்கு ஒரு மைக் இருந்தது.

"அப்படியானால் டேட்டாவுக்கும் ஆணையமே விலை வைக்கட்டும்" என்று உடனே தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறவில்லை. இடையில் 2016இல் எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் ஆனது. நிலக்கரி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலை ஏறியது. எங்கள் கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. ஆணையம் சுதந்திரமானது என்பது காகிதத்தில். தேர்தல் வருகிற ஆண்டில் கட்டண மனுவே ஆணையத்துக்குப் போகாது. விளைவு என்ன? மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. வட்டி கட்டவே புதுக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுவதும் பழுதடைந்த கம்பம் மாற்றுவதும் காலி இடத்தில் ஆள் எடுப்பதும் எப்படி அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போகும் என்று. டேட்டா விலையையும் அரசியல்வாதி கையில் கொடுத்தால் முதல் தேர்தல் அறிக்கையிலேயே "மாதம் 100 ஜிபி இலவசம்" என்று வரும். இரண்டாவது தேர்தலுக்குள் டவரில் பேட்டரி மாற்றப் பணம் இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விலையைக் கட்டுப்படுத்தாததால்தான் விலை விழுந்தது. 2014இல் ஒரு ஜிபி டேட்டா சராசரியாக 269 ரூபாய். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, 2018இல் அது 12 ரூபாய்க்குக் கீழே போனது. எந்த ஆணையமும் இப்படி ஓர் உத்தரவு போட்டிருக்காது, போடத் துணிந்திருக்கவும் மாட்டார்கள்.

அந்த விலைச் சண்டைக்கு ஒரு விலை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி, நம் ஊரில்தான் அதற்கு அதிக வாடிக்கையாளர்கள். டவர் வைத்திருந்தவர்களோடு தகராறு, தலைக்கு மேல் கடன். திடீரென்று ஊர் ஊராகச் சிக்னல் போனது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றும் குறுஞ்செய்திகூடப் போகாமல் ஜனங்கள் கடை வாசலில் முட்டி மோதினார்கள். வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில் இருந்தன. ஒரு மின்விநியோக நிறுவனம் நொடித்தால் ஆணையம் உரிமத்தை எடுத்து, சேவை நிற்காமல் வேறு ஒருவரிடம் ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. டெலிகாமில் அன்றைக்கு ட்ராய் செய்ய முடிந்தது, நம்பர் மாற்றத் தேவையான குறியீட்டுக்குக் கெடு நீட்டித்ததும் அதைப் போன்ற சில உதவிகளும்தான். ஆகவே விலையைத் தொடாவிட்டாலும் 'திடீரென்று கடையை மூடக் கூடாது' என்ற விதி பொதுச் சேவைச் சட்டத்திலிருந்து வர வேண்டும். கட்டணத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு கருத்துக்கேட்பும் வேண்டும். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டதே, அந்த மாதிரித் தலையீடு போதும். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி ஏன் தினம் ஒன்றரை ஜிபிக்குப் பணம் கட்ட வேண்டும்?

இப்போது கம்பி. பதிலின் முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மொபைலில் மூன்று நான்கு கம்பெனிகள் போட்டி போடலாம், காற்றில் போவது. ஆனால் ஒரு தெருவில் நாலு பேர் தனித்தனியாக ஃபைபர் இழுத்து லாபம் பார்க்க முடியாது. அதனால்தான் பல தெருக்களில் ஒரே ஒரு கேபிள் ஆபரேட்டர்தான் இருக்கிறார், அடுத்தவர் உள்ளே வந்தால் கேபிள் அறுபடும். அடுக்குமாடிகளில் பில்டரோ சங்கமோ ஒருவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மற்றவரை உள்ளே விடுவதில்லை. கட்டடத்துக்குள் அப்படி ஒருவருக்கு மட்டும் என்ற ஏற்பாடு கூடாது என்று ட்ராய் 2017இலேயே பரிந்துரைத்தது.  நாட்டில் 90 கோடிக்கு மேல் பிராட்பேண்ட் இணைப்புகள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் கம்பி வழியாக வருவது சுமார் 4 கோடி. மிச்சமெல்லாம் மொபைல்.

மின்சாரத்தில் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்பது கோயம்புத்தூர் மில்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மில் கோவையில் இருக்கும், அதன் காற்றாலை கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் சுற்றும். நடுவில் இருக்கும் கம்பி வாரியத்துடையது. மில்காரர் தன் மின்சாரத்தை அந்தக் கம்பி வழியாகக் கொண்டுவருகிறார், அதற்கு 'வீலிங் சார்ஜ்' கட்டுகிறார். அந்தச் சார்ஜை வாரியமோ மில்லோ தீர்மானிப்பதில்லை, ஆணையம் தீர்மானிக்கிறது. வாரியம் கம்பியைத் தர மாட்டேன் என்று சொல்லக் கூடாது. இடம் இருந்தால் விட்டே ஆக வேண்டும். மில்லுக்கும் வாரியத்துக்கும் இதில் ஆயிரம் வழக்குகள் உண்டு, நானே கட்டுக் கட்டாக ஃபைல் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஏற்பாடு இல்லாமல் இத்தனை காற்றாலைகள் தமிழ்நாட்டில் வந்திருக்காது.

இணையத்துக்கும் அதையே கேட்கிறேன். தெருவில் ஓடும் ஃபைபர், கம்பம், நிலத்தடிக் குழாய் இவற்றுக்கு மட்டும் பொதுச் சேவை விதி. வாடகையை ஆணையம் வைக்கட்டும். அந்தக் கம்பியில் ஜியோவும் ஓட்டலாம், பிஎஸ்என்எல்லும் ஓட்டலாம், உள்ளூர் கேபிள்காரரும் ஓட்டலாம். விலையை அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். இது புது யோசனையும் கிடையாது. பிஎஸ்என்எல்லின் செம்புக் கம்பியை மற்றவர்களுக்கும் திறந்துவிடச் சொல்லி ட்ராய் 2004இலேயே பரிந்துரைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்காமல் விட்டுவிட்டது. அன்றைக்குத் திறந்திருந்தால் நம் வீடுகளில் கம்பி இணையம் இன்னும் பரவியிருக்கும் என்பது என் எண்ணம். பிஎஸ்என்எல்லுக்கும் வாடகை வந்திருக்கும். இப்போது அந்தச் செம்பும் வீணாய்ப் போனது.

அரசே கம்பி இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் 2011 அக்டோபரில் வேறு பெயரில் ஒப்புதல் பெற்றபோது இரண்டே ஆண்டில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்றார்கள். 2023 ஆகஸ்டில் அதே திட்டத்துக்கு 1.39 லட்சம் கோடி ரூபாயில் புது வடிவம் கொடுக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு மாநில அரசின் ஃபைபர் நிறுவனமான டான்ஃபிநெட் இழுக்கிறது. 2020இல் அதன் டெண்டரே ரத்தாகி, மறுபடி தொடங்கியதில் காலம் போனது. ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்தபின் அங்கிருந்து வீட்டுக்கு யார் இழுப்பது? வாடகை விதி தெளிவாக இருந்தால் உள்ளூர் கேபிள்காரர் இழுப்பார். கேரளத்தில் மாநில அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கேஃபோன் 2023 ஜூனில் தொடங்கியபோது மின்வாரியக் கம்பங்களிலேயே ஃபைபரைக் கொண்டுபோனார்கள், அந்த யோசனை நல்ல யோசனை. ஆனால் கம்பியும் சேவையும் இரண்டும் அரசு கையில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். 2022 நவம்பரில் நம் அரசு கேபிளில் மென்பொருள் கொடுத்த நிறுவனத்தோடு தகராறு வந்து பல லட்சம் செட்டாப் பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் நின்றதைப் பார்த்தோம்.

"பொதுச் சேவை என்று அறிவித்தால் அரசாங்கம் நினைத்தபோது இணையத்தை அணைத்துவிடுமே?" இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இப்போது அணைக்காமலா இருக்கிறார்கள்? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களில் இணையம் போனது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன 4ஜி 2021 பிப்ரவரியில்தான் திரும்பியது. இடையில் 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்று சொல்லியது. 2023 டெலிகாம் சட்டத்திலும் முடக்கும் அதிகாரம் அப்படியே தொடர்கிறது.

மின்சாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டணம் பாக்கி வைத்தவர் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கவே மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி முழுதாய் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் தராமல் பிடுங்கி, நீதிமன்றத்தில் கை கட்டி நின்ற அதிகாரிகளை எனக்குத் தெரியும். கலவரம் என்று ஒரு மாவட்டத்துக்கே மின்சாரத்தை நிறுத்துவதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. காரணம், அதை அத்தியாவசியம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். இணையத்தையும் அந்த வரிசையில் வைத்தால் அணைப்பது கடினமாகும் என்பதுதான் என் கணக்கு.

அத்தியாவசியமா என்று இனி யாரும் விவாதிக்க வேண்டியதும் இல்லை, அரசே தீர்மானித்துவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு செல்போன் செயலியில், படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத கண்மாயில் மண் வெட்டியவர்கள், படம் ஏறாததால் கூலி போகுமோ என்று பயந்தார்கள். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ரேஷன் கடைக் கைரேகை எல்லாம் இணையத்தில். கொரோனா காலத்தில் ஏறத்தாழ 9.7 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டை 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசே கொடுத்தது. கோழிக்கோட்டில் கல்லூரி விடுதியில் மாலை நேரத்தில் போன் பயன்படுத்தத் தடை போட்டதை எதிர்த்து மாணவி ஃபஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில், இணையம் கல்வி உரிமைக்குள்ளும் அந்தரங்க உரிமைக்குள்ளும் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே தீர்ப்புச் சொன்னது. வாசலை இணையத்துக்கு மாற்றிய அரசாங்கம், அந்த வாசல் வரை வழி போட்டுத் தரும் பொறுப்பை மட்டும் கம்பெனிகளின் லாபக் கணக்கிடம் விடுவது சரியா?

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். 2025 ஜூனில் அதற்கு இங்கே உரிமம் கிடைத்தது. வால்பாறை எஸ்டேட் லயன் வீடுகளுக்கும், ஃபைபர் இழுக்கவே முடியாத மலைக் குடியிருப்புகளுக்கும் அது உதவலாம். அங்கெல்லாம் கம்பி கொடு என்று சட்டம் வற்புறுத்த வேண்டாம், டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து டிஷ்ஷுக்கு மானியம் கொடுத்தால் போதும். தேனியில் மின்கம்பம் வாசலில் நிற்கும் வீட்டுக்கு அது பதில் கிடையாது. அங்கே வேண்டியது ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் இன்னொரு ஸ்ப்ளிட்டர் பாக்ஸும், அதை மாட்டச் சொல்லும் ஒரு சட்டப் பிரிவும்.